எட்டு ஆவர்த்தனம், ஒரே மூச்சு

டாட்மார்டன்,
9 ஜனவரி 1976

அன்புள்ள ஆர்ச்சி,

இந்தக் குளிரில் உன் இருமல் எப்படி இருக்கிறது? 1918 போரில் நச்சுவாயு தின்ற நுரையீரலுக்கு ஜனவரி ஆகாது. கடற்கரைப் பக்கம் போகாதே. ஹில்டாவுக்கு முழங்கால் வலி தவிர வேறு குறையில்லை. நான் வழக்கம்போல.

கடிதம் நீண்டுவிடும் போலிருக்கிறது. நீ பாதியில் மடித்து வைத்துவிடுவாய் என்பதால், சொல்ல வந்ததை முதலிலேயே வரிசைப்படுத்திவிடுகிறேன். முப்பத்தெட்டு வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவனின் பழக்கம். பொறுத்துக்கொள்.

1. 'மழை விட்ட தெரு' இசைத்தட்டு கிடைத்துவிட்டது.
2. அதை எப்படிச் சுத்தம் செய்கிறேன்.
3. உன்னிடமிருந்து எனக்கு வேண்டியது.
4. நம் அம்மா இறந்த அன்று நீ வராதது குறித்து எனக்கு வருத்தம் எதுவும் இல்லை.

முதலாவது. ஹாலிஃபாக்ஸில் ஒரு வீட்டைக் காலி செய்தார்கள். தையல் இயந்திரப் பெட்டிக்குள், பீங்கான் தட்டுகளுக்கு நடுவே செருகியிருந்தது. ரெக்ஸ் ஆல்டர்லியின் ஹோட்டல் இசைக்குழு, 1926 நவம்பர் 18. எங்களைப் போன்ற சேகரிப்பாளர்களுக்குத் தெரிந்து இதுவரை இரண்டே பிரதிகள்தான். இரண்டிலும் பாட்டைவிடப் பன்றிக்கறி பொரிகிற சத்தமே அதிகம். இது அதிகம் ஓடாத தட்டு. பூஞ்சை பிடித்திருக்கிறது, விளிம்பில் கட்டைவிரல் நீளத்துக்கு விரிசல்.

இரண்டாவது. காய்ச்சி வடித்த நீர், அதில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரே சொட்டு, மென்மையான தூரிகை. தடத்தின் போக்கிலேயே துடைக்க வேண்டும், குறுக்கே கூடாது. சாராயம் கலந்த எது பட்டாலும் தட்டின் அரக்கு கரைந்துவிடும். 1958இல் ஒரு தட்டை அப்படித்தான் கொன்றேன். இப்போது ஒரு நாளைக்குக் கால் வட்டம் என்று வைத்திருக்கிறேன்.

மூன்றாவது. க்ராய்டனில் டிண்டால் என்று ஒருவர் ஆல்டர்லி குழுவின் பாட்டுகளைத் தொகுத்துப் புதிய தட்டாக வெளியிடுகிறார். யார் எதை வாசித்தார்கள் என்று உறையின் பின்பக்கம் குறிப்பு எழுதும் வேலையை என்னிடம் கொடுத்திருக்கிறார். அதற்கு நான் தகுதியானவன்தானா என்று தெரியவில்லை. மார்ச் 22 அச்சுக்குப் போகிறது. இந்தப் பாட்டின் நடுவில் வரும் தனி ட்ரம்பெட் உன்னுடையது என்று எல்லாப் பட்டியல்களும் சொல்கின்றன. அந்த நாளைப் பற்றி நினைவிருப்பதை எழுதினால் சேர்த்துக்கொள்வேன்.

நான்காவது. அன்று எனக்குப் பதினாறு வயது. நீ லண்டனில் ஸ்டுடியோவில் இருந்தாய். பதிவுக்கான மெழுகுத்தட்டு தயாராக இருக்கும்போது ட்ரம்பெட்காரன் எழுந்து ராச்டேல் மருத்துவமனைக்கு ரயில் ஏற முடியாது. நீ அப்போதே சொன்னாய், நானும் புரிந்துகொண்டேன். தட்டு கைக்கு வந்திருக்கும்போது இதையும் சொல்லிவிடலாம் என்று பட்டது, அவ்வளவே.

உடம்பைப் பார்த்துக்கொள்.
வில்ஃப்ரெட்


பெக்ஸ்ஹில்,
13 ஜனவரி

அன்புள்ள வாத்தியாரே,

இருமல் என்னோடு நல்ல உறவில் இருக்கிறது. தம்பி மனைவியின் முழங்காலுக்கு அண்ணனின் வணக்கம்.

உன் கடிதத்தைக் காலைச் சாப்பாட்டு மேசையில் பிரித்தேன். விடுதிக்காரி மிஸஸ் பிம் முட்டையைக் கொண்டுவந்து வைத்தவள் நகரவில்லை.

"என்ன மிஸ்டர் கிராப்ட்ரீ, காலங்காத்தாலே ஒரே சிரிப்பு? குதிரை ஜெயிச்சுதா?"

"குதிரை இல்லம்மா, நானேதான் ஜெயிச்சேன். என் ட்ரம்பெட் திரும்பி வருது."

எதிரில் இருந்த மேஜர் செய்தித்தாளைத் தாழ்த்தாமலே கேட்டார்: "எங்கேர்ந்து, அடகுக் கடைலேர்ந்தா?"

வில்ஃப், இந்த வீட்டில் பதினோரு வருடமாக இருக்கிறேன். நான் வாசித்தவன் என்பதை ஒருவர்கூட நம்பியதில்லை. என் மற்ற தட்டுகளில் குழுவோடு சேர்ந்தே மெட்டை ஊதினேன், தனியாக எழுந்து நின்றது இதில்தான். தட்டின் உறை வந்ததும் முன்னறைச் சுவரில் மாட்டுவதற்கு மிஸஸ் பிம் இப்போதே ஆணி அடித்துவிட்டாள். உள்ளூர்ப் பத்திரிகைக்காரன் படம் எடுக்க வருகிறானாம்.

அந்த நாளா? குளிர். ரெக்ஸ் புது வேட்டைநாய் மாதிரி சுற்றிச் சுற்றி வந்தார். "ஆர்ச்சி, மெழுகு சூடா இருக்குடா, நீ ஆறிப்போயிடாதே!" என்று கத்தினார். எழுந்தேன், வாசித்தேன், உட்கார்ந்தேன். அறைக்குத் திரும்பினால் தந்தி. இதை எழுதிக்கொள். உன் முதல் மூன்று குறிப்புகளும் சுவாரஸ்யம்.

அன்புடன்
ஆர்ச்சி


டாட்மார்டன்,
2 பிப்ரவரி

அன்புள்ள ஆர்ச்சி,

அங்கும் பனி என்று வானொலியில் கேட்டேன். மார்பில் கம்பளி கட்டிக்கொள்கிறாயா? இங்கே நாங்கள் நலம்.

தட்டு சுத்தமாகிவிட்டது. விரிசலை ஒட்டி, ஊசி தாண்டிப் போகும் அளவுக்குச் சமன் செய்துவிட்டேன். பழைய ஊசிகள் ஓடித் தேய்த்தது தடத்தின் அடிப்பகுதியைத்தான். அதனால் கொஞ்சம் பருமனான ஊசியைப் போட்டு, மேலே தேயாத சுவரைத் தொடும்படி ஓடவிட்டேன். இரைச்சல் விலகி, அறையே கேட்கிறது. யாரோ நாற்காலியை நகர்த்துவதுகூட.

ஒரு சந்தேகம். என் காது கிழட்டுக் காது, பிழை என்னுடையதாகவே இருக்கலாம். உன்னுடைய மற்ற ஏழு தட்டுகளில், இரண்டு ஆவர்த்தனத்துக்கு ஒருமுறை நீ மூச்சு வாங்குவது கேட்கிறது. பேசுவதுபோல வாசிக்கிறார் என்று அந்தக் காலத்தில் பாராட்டி எழுதினார்களே, அது இதனால்தான். ஆனால் இந்தப் பாட்டில் எட்டு ஆவர்த்தனமும் ஒரே இழுப்பு. பதினான்கு விநாடி. நடுவில் மூச்சே இல்லை. மற்ற இரு பிரதிகளில் இரைச்சல் இதை மறைத்திருக்கிறது.

வேகத்தில் தவறு செய்கிறேனோ என்று நிமிடத்துக்கு எண்பது சுற்றில் வைத்துப் பார்த்தேன், எழுபத்தாறில் வைத்துப் பார்த்தேன். வேகம் மாறினால் பாட்டு நீள்கிறது, குறுகுகிறது. இல்லாத மூச்சு வந்துவிடவில்லை.

இன்னொன்று. டிண்டால் ஒரு கடிதத்தை எனக்கு அனுப்பியிருக்கிறார். ஸ்டாக்போர்ட்டில் இருக்கும் மிஸ் மார்ஜரி பெல்லோ என்பவருடையது. அந்தத் தனி வாசிப்பு தன் தந்தை ஜாக் பெல்லோவுடையது, அன்று அவர் வேறொருவருக்குப் பதிலாளாகப் போனார் என்கிறார். வர முடியாதவன் தன் இடத்துக்கு ஆள் அனுப்புவது உங்கள் தொழிலில் அன்றாட வழக்கம் என்பது தெரியும். பதிலாளின் பெயர் எங்கும் ஏறாது என்பதும் தெரியும். உனக்கு பெல்லோவை நினைவிருக்கிறதா?

அவசரமில்லை. ஆனால் மார்ச் 22 என்பதை மறந்துவிடாதே.

வில்ஃப்ரெட்


பெக்ஸ்ஹில்,
5 பிப்ரவரி

வில்ஃப்,

நலம்.

பெல்லோ என்று ஒருவன் இருந்தான். இருந்தவன் எல்லாம் அன்று வந்தவன் ஆகிவிடுவானா? நான் மேடையில் வியர்வை சிந்தியபோது நீ பள்ளிக்கூடத் தொப்பி போட்டுக்கொண்டு லத்தீன் மனப்பாடம் செய்துகொண்டிருந்தாய். இப்போது தூரிகையும் ஊசியும் வைத்துக்கொண்டு என் மூச்சை எண்ணுகிறாய்.

அன்று இரண்டு துண்டாகப் பதிவு செய்து ஒட்டினார்கள். போதுமா?

என் பெயரை எழுது. எழுத முடியாவிட்டால் டிண்டாலிடம் சொல்லிவிடு, அவரே எழுதிக்கொள்ளட்டும். பத்திரிகைக்காரன் செவ்வாய்க்கிழமை வருகிறான்.

ஆர்ச்சி


டாட்மார்டன்,
18 பிப்ரவரி

அன்புள்ள ஆர்ச்சி,

உன் கோபம் இருமலைக் கூட்டியிருக்குமோ என்று கவலைப்பட்டேன். என் கடிதத்தின் தொனி சரியில்லை என்றால் மன்னித்துக்கொள்.

ஒட்டியதைப் பற்றி. எனக்குச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ஒலிநாடாவை வெட்டி ஒட்டலாம், மெழுகை ஒட்ட முடியாது. 1926இல் தொடங்கினால் முடியும்வரை ஒரே ஓட்டம்தான். இது என்னைவிட உனக்கு நன்றாகத் தெரியும்.

சனிக்கிழமை மிஸ் பெல்லோ வந்திருந்தார். தொலைபேசி நிலையத்தில் வேலை பார்ப்பவர். மேலங்கியைக்கூடக் கழற்றாமல் நாற்காலி விளிம்பில் உட்கார்ந்தார். ஒலிநாடாவில் எடுத்ததைப் போட்டேன். ட்ரம்பெட் முடிந்தும் சுழலும் நாடாவையே பார்த்துக்கொண்டிருந்தார். ஹில்டாதான் பொறுக்காமல், "டீ ஆறுதும்மா, எடுத்துக்கோங்க" என்றாள்.

"எங்கப்பா சாகும்போது எனக்கு எட்டு வயசு," என்றார் அவர். "என் பொறந்தநாளைக்குக் கேக்ல மெழுகுவத்தி ஏத்துவாங்க. எல்லாத்தையும் அவரே ஒரே ஊதுல அணைச்சிடுவார். நான் அழுவேன். அவரோட சத்தம்னு எனக்கு ஞாபகம் இருக்கிறது அது ஒண்ணுதான்."

"அது ஒரு சாட்சியம் ஆகாதே மிஸ் பெல்லோ," என்றேன். எவ்வளவு மட்டமான பேச்சு! ஹில்டா என்னை முறைத்தாள்.

"தெரியும் சார். அதனாலதான் இதைக் கொண்டாந்தேன்."

கைப்பையிலிருந்து அவர் அப்பாவின் சட்டைப்பை நாட்குறிப்பை எடுத்தார். 1926. பென்சில் எழுத்து. நவம்பர் 18க்கு நேரே இருந்ததை அப்படியே இங்கே எழுதுகிறேன்:

'ஆல்டர்லி. காலை 11. கிராப்ட்ரீக்குப் பதில். அவன் அம்மாவுக்கு முடியவில்லை, ஊருக்குப் போகிறான்.'

நான் எதுவும் கேட்கவில்லை, ஆர்ச்சி. இதை எழுதி அனுப்புகிறேன், அவ்வளவுதான்.

ஹில்டா விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள்.
வில்ஃப்ரெட்


டாட்மார்டன்,
8 மார்ச்

அன்புள்ள ஆர்ச்சி,

உன்னிடமிருந்து கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேலாகிறது. நேற்று விடுதிக்குத் தொலைபேசியில் கூப்பிட்டேன். மிஸஸ் பிம்தான் எடுத்தார்.

"இருக்காரு சார், மாடில. கூப்பிட்டேன், வரமாட்டேங்கிறாரு. உடம்பு நல்லாத்தான் இருக்கு. பத்திரிகைக்காரன் வந்தப்போ தலைவலின்னு படுத்துட்டாரு. நீங்க அவருக்கு என்ன சார் எழுதினீங்க?"

"கணக்கு," என்றேன். அவர் போனை வைத்துவிட்டார்.

உடல்நலம் பற்றி ஒரு வரியாவது எழுது. வேறெதுவும் எழுத வேண்டாம்.

வில்ஃப்ரெட்


டாட்மார்டன்,
14 மார்ச்

அன்புள்ள ஆர்ச்சி,

நேற்றும் தபால்காரர் எங்கள் வாசலைத் தாண்டிப் போனார்.

குறிப்பை எழுதி முடித்துவிட்டேன். நாலு தாள் கிழித்தேன். 'மழை விட்ட தெரு'வுக்கு நேரே, 'தனி ட்ரம்பெட்: யாரென்று தெரியவில்லை' என்று போட்டிருக்கிறேன். எங்கள் பட்டியல்களில் இப்படி எழுதுவது உண்டு. உன் பெயரைப் போட என் காது விடவில்லை. பெல்லோவின் பெயரைப் போட்டால், அன்று நீ எங்கே இருந்தாய் என்று ஒருவர் கேட்பார். அந்த ஒருவர் நான்தான்.

தபால் உறையை ஒட்டி மேசையில் வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை அனுப்ப வேண்டும். இது கோழைத்தனம் என்று ஹில்டா சொல்கிறாள். இருக்கலாம்.

நீ நலமாக இருப்பதாகவே நினைத்துக்கொள்கிறேன்.
வில்ஃப்ரெட்


பெக்ஸ்ஹில்,
16 மார்ச்

அன்புள்ள வில்ஃப்,

உடம்பு நலம். அதை முதலில் எழுதிவிட்டேன்.

தெரியவில்லை என்று போடாதே. அது ஜாக் பெல்லோ. நல்ல வாசிப்பாளன். என்னைவிட நல்லவன். அவன் இறந்த பிறகுதான் அந்த வாசிப்பு என்னுடையது என்று வெளியில் சொல்ல ஆரம்பித்தேன். வீட்டில் முதல் நாளே சொல்லிவிட்டேன்.

அம்மாவுக்கு நிமோனியா என்று நீ கொடுத்த முதல் தந்தி புதன்கிழமை மாலை வந்தது. ரெக்ஸிடம் போய் நின்றேன். "போடா, போ. மெழுகு எங்கயும் போயிடாது. ஜாக்கை அனுப்பிட்டு நீ ரயிலைப் பிடி," என்றார். வியாழக்கிழமை காலை யூஸ்டனில் ஏறி, மதியம் இரண்டு மணிக்கு ராச்டேலில் இறங்கினேன். நிலையத்துக்கு எதிர்க்கடையில் திராட்சை வாங்கினேன். மருத்துவமனை மாடிப்படி ஏறினேன்.

கதவுக்கு நாலு அடி முன்னாலேயே அம்மாவின் மூச்சு கேட்டது.

அந்தச் சத்தம் உனக்குத் தெரியும், நீ உள்ளேதான் இருந்தாய். ஆனால் எனக்கு அது முன்பே தெரியும். பிரான்ஸில், நச்சுவாயு பட்டவர்களைப் போட்டிருந்த கூடாரத்தில் நாற்பது கட்டில். ஒவ்வொரு கட்டிலிலும் ஒருவன் காய்ந்த தரையில் மூழ்கிக்கொண்டிருந்தான். பதினேழாவது கட்டில் என்னுடையது. அங்கிருந்து எழுந்து வந்தவன் என்று பெயரே தவிர, படிக்கட்டின் உச்சியில் மறுபடி அந்தக் கட்டிலில்தான் கிடந்தேன்.

கதவில் கண்ணாடி இருந்தது. நீ எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாய். தொப்பி முழங்காலில். நோட்டுப் புத்தகத்தில் அம்மாவின் ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு கோடு போட்டுக்கொண்டிருந்தாய். நாலு கோடு, அப்புறம் குறுக்கே ஒன்று. ஒரு பக்கம் நிறைந்து, அடுத்த பக்கத்தைத் திருப்பினாய். கதவில் கை வைத்தேன். தள்ளவில்லை.

திராட்சையை நிலையத்தில் ஒரு பெஞ்சில் வைத்துவிட்டு லண்டன் ரயிலில் ஏறினேன். அறைக்கு வந்தபோது இரண்டாவது தந்தி. ஸ்டுடியோவில் மாட்டிக்கொண்டேன் என்பது வராமல் போனதற்கு ஒரு காரணம். வந்தும் வராததற்கு என்ன காரணம் சொல்வது? அதனால் அந்தத் தட்டைச் சொன்னேன். சொல்லச் சொல்ல நானே வாசித்ததுபோல ஆகிவிட்டது.

இன்று காலை மேசையில் எல்லார் முன்னாலும் சொன்னேன். "அந்த ட்ரம்பெட் நான் இல்லை." மிஸஸ் பிம் கெட்டிலைப் பிடித்தபடி நின்றாள். மேஜர் செய்தித்தாளைத் தாழ்த்திவிட்டு, "உப்பை இந்தப் பக்கம் தள்ளுங்க கிராப்ட்ரீ," என்றார். அவரும் பிரான்ஸில் இருந்தவர். வேறெதுவும் கேட்கவில்லை.

அவன் பெயரைப் போடு. அந்தப் பெண்ணுக்கு நானே எழுதுகிறேன். விலாசம் அனுப்பு.

ஆர்ச்சி


டாட்மார்டன்,
19 மார்ச்

அன்புள்ள ஆர்ச்சி,

நீ நலம் என்று முதல் வரியில் படித்ததும் ஹில்டாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். அதற்கு மேல் படித்ததை மாலைவரை சொல்லவில்லை.

ஒட்டியிருந்த உறையைப் பிரித்து, 'தனி ட்ரம்பெட்: ஜாக் பெல்லோ' என்று திருத்தி இன்று காலைத் தபாலில் சேர்த்துவிட்டேன். மிஸ் பெல்லோவின் விலாசம் தனித்தாளில் இருக்கிறது.

அந்த நோட்டுப் புத்தகத்தைப் பற்றி நான் யாரிடமும் சொன்னதில்லை. ஹில்டாவிடம்கூட. அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து கோடு போட்டேன் என்று எப்படிச் சொல்வது? என்ன செய்வதென்று தெரியவில்லை, எண்ணினேன். மறுநாள் அடுப்பில் போட்டு எரித்துவிட்டேன். ஆகவே நீ அங்கே நின்றாய் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

எனக்குப் பின்னால் யாரோ வந்து நிற்பது அன்று தெரிந்தது, ஆர்ச்சி. மருத்துவமனைப் பெண் என்று நினைத்தேன். திரும்பினால் எண்ணிக்கை விட்டுப்போகும் என்று திரும்பவில்லை. திரும்பியிருந்தால் நீ உள்ளே வந்திருப்பாயா என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். இது எனக்குத் தீராத கணக்கு.

ஈஸ்டருக்கு இங்கே வா. ஹில்டா மாடியறைக்குக் கணப்பு வைக்கச் சொல்லியிருக்கிறாள். படி ஏற முடியாது என்றால் கீழ் அறையில் கட்டில் போடுகிறோம். இருமல் மருந்தை மறக்காமல் எடுத்துவா.

கடைசியாக ஒன்று. ஜனவரி 9ஆம் தேதிக் கடிதத்தின் நகலை எடுத்துச் சரிபார்த்தேன். நான்கு குறிப்புகளில் முதல் மூன்றும் சரி. நான்காவது, எனக்கு வருத்தம் எதுவும் இல்லை என்று எழுதியது, தவறு.

வில்ஃப்